எந்த ஆற்றில் இறங்கலாம்?

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களுக்குள் பேரிடர் மீட்புப் படையின் ரப்பர் படகுகள் வந்ததைத் தாம்பரம் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விடுமுறை விளம்பரங்களில் நுரைக்கு நடுவே துள்ளும் ராஃப்ட் அந்தப் படகுக்கு நெருங்கிய சொந்தம். காற்றடைத்த ரப்பர் படகை 1842-லேயே அமெரிக்காவின் பிளாட் ஆற்றில் ஜான் ஃபிரீமான்ட் என்ற ராணுவ அதிகாரி ஓட்டிப் பார்த்து, கவிழவும் செய்திருக்கிறார். இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவத்தின் உபரிப் படகுகள் மலிவாகக் கிடைத்தபோதுதான் ராஃப்டிங் பொழுதுபோக்காகப் பரவியது.

நம்மூர் அடையாற்றில் ராஃப்டிங் நடக்காது. ஆதனூர்ப் பக்கம் தொடங்கிக் கடல்வரை சுமார் 42 கி.மீ. தட்டையான தரையில் ஓடும் ஆறு அது. வெள்ளம் வந்தால் அகலமாகப் பரவி வீட்டுக்குள் புகும், நுரைத்துக் குதிக்காது. நுரைக்க வேண்டுமானால் ஆற்றுக்குச் சரிவு வேண்டும், போதிய தண்ணீர் வேண்டும், வழியை மறிக்கும் பாறையோ குறுகிய இடுக்கோ வேண்டும். வேகமாக வரும் நீர் பாறையில் மோதிக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தக் குமிழிகள்தான் வெள்ளை நிறம். காற்று கலந்த நீருக்கு அடர்த்தி குறைவு என்பதால் நுரையில் ஆள் மிதப்பதும் குறைவு. நீச்சல் தெரிந்தவரும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது என்பது இதனால்தான்.

பாறையைத் தாண்டி விழும் நீர் அடியில் ஓடிவிட, மேற்பரப்பு நீர் திரும்பிப் பாறையை நோக்கியே வரும். கிரைண்டரில் மாவு உருள்வதுபோல் அங்கே சிக்கியது உருண்டுகொண்டே இருக்கும். கைடுகள் பயப்படுவது இந்தக் குழிக்குத்தான். நீருக்கு மேலே தலை நீட்டும் பாறையின் பின்புறமோ அமைதியாக இருக்கும். அவர்கள் படகை ஒதுக்கி மூச்சு வாங்கும் இடம் அது. ஓடும் நீரில் தெரியும் ஆப்பு வடிவத்தின் கூர்முனை போகும் திசையில் நீண்டிருந்தால் அது வழி. நம்மை நோக்கியிருந்தால் முனையில் பாறை இருக்கிறது.

இப்படிப்பட்ட இடங்களை 1 முதல் 6 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். 1 என்றால் சிற்றலை. 3-ல் அலைகள் ஒழுங்கற்று வரும், படகைத் திருப்பித் திருப்பி ஓட்ட வேண்டும். 5 தேர்ந்தவர்களுக்கு மட்டும். 6-ல் பெரும்பாலும் யாரும் இறங்குவதில்லை. முதல்முறை போகிறவர்களுக்கு 2-ம் 3-ம் போதும், அதிலேயே தொண்டை வறண்டுவிடும்.

விளம்பரங்கள் சொல்லாத ஒன்று உண்டு: தரம் இடத்துக்கு மட்டும் உரியதல்ல, அன்றைய தண்ணீருக்கும் உரியது. நீரின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். காவிரியில் நீர்வரத்து கூடும்போதெல்லாம் ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை என்ற செய்தி வருவது இதனால்தான். பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் கன அடிக் கணக்கு ஏறினால் நேற்று சிரித்துக்கொண்டு போன பாதை இன்று ஆளை விழுங்கும். நொடிக்கு ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். பரிசல் வேறு, ராஃப்டிங் வேறு. ஆனாலும் கன அடி பார்த்து முடிவெடுக்கும் ஒகேனக்கல் பழக்கம் எந்த ஆற்றுக்கும் பொருந்தும்.

படகைப் பொறுத்தவரை கவலை குறைவு. பக்கக் குழாய்கள் தனித்தனி அறைகளாக அடைக்கப்பட்டவை. ஒன்று கிழிந்தாலும் மற்றவை தாங்கும். 1980-களில் வந்த மாற்றம், காற்றடைத்த தரையின் ஓரங்களில் துளைவிட்டுக் கட்டியது. உள்ளே விழும் நீர் தானாக வடிந்துவிடும், வாளியால் மொள்ள வேண்டியதில்லை. பயணிகள் குழாயின் மேல் உட்கார்ந்து, பாதத்தைக் குறுக்குக் குழாயின் அடியில் செருகிக்கொள்கிறார்கள். துடுப்பின் மேல்முனைக் கைப்பிடியை ஒருபோதும் விடக் கூடாது. விட்டால் அது பக்கத்து ஆளின் பல்லைப் பதம் பார்க்கும்.

சரி, எங்கே போவது? கோடை விடுமுறை என்றால் பலரும் ரிஷிகேஷைத்தான் நினைப்பார்கள். கங்கையில் பிரம்மபுரியிலிருந்து இறங்கும் சுமார் 9 கி.மீ. பாதை எளிது. ஷிவ்புரியிலிருந்து 16 கி.மீ. வந்தால் ‘ரோலர் கோஸ்டர்’, ‘கோல்ஃப் கோர்ஸ்’ எனப் பெயர் சூட்டிய அலைகளைக் கடக்கலாம். கௌடியாலாவிலிருந்து வரும் நீண்ட பாதையில் உள்ள ‘தி வால்’ விளையாட்டல்ல. கோடை ஏற ஏறப் பனி உருகி நீர் கூடும், ஜூலை, ஆகஸ்டில் ராஃப்டிங்கே கிடையாது. அங்கே 14 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றுவதில்லை. குடும்பத்தோடு கிளம்பிய பின் இது தெரிந்தால் கடைக்குட்டியின் முகத்தைப் பார்க்க முடியாது.

குடகின் பாரப்பொளே மழைக்காலத்து ஆறு. நீர் ஏறினால் 4-ம் தரம்வரை போகும். முதல்முறைக்கு அதை நான் சொல்ல மாட்டேன். இலங்கை போகிறவர்களுக்குக் களனி ஆற்றின் கித்துல்கல இருக்கிறது. ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படம் எடுத்த ஊர்.

தாம்பரத்திலிருந்து போகும் குடும்பத்துக்கு என் வாக்கு தாண்டேலிக்கு. ரயிலில் ஹூப்ளிவரை போய், அங்கிருந்து சாலையில் சுமார் 75 கி.மீ. மழை ஓய்ந்த பிறகு, 101 மீட்டர் உயர சூபா அணையிலிருந்து மின்சாரத்துக்காகத் திறந்துவிடும் நீரில்தான் கணேஷ்குடியில் காளி ஆற்று ராஃப்டிங் நடக்கிறது. 2, 3-ம் தர அலைகள். அணை திறக்காவிட்டால் ஆறு படுத்துவிடும். ஆகவே அறை பதிவு செய்யும்போதே தண்ணீரையும் விசாரியுங்கள்.

கூடவே சில கேள்விகள். கைடுக்கு மீட்பு, முதலுதவிப் பயிற்சி உண்டா? கூடவே மீட்பு கயாக் வருமா? ஒரு படகில் எத்தனை பேர்? ஹெல்மெட் அளவுக்குப் பொருந்துமா? விலையிலேயே பேச்சைத் திருப்புகிறவரை விட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை உயர்த்தி, நீர் போகும் திசையில் நீட்டிக்கொள்ளுங்கள். எழுந்து நிற்க முயலாதீர்கள். முழங்கால் ஆழத்திலும் பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் பின்னால் வரும் நீர் ஆளைக் குப்புற அமுக்கிவிடும்.