எழுந்த பிறகும் தூங்கும் லேப்டாப்

மலாக்காவில் பிற்பகல் மழைக்கு முன்னால் இடி வந்துவிடும். ஜாசின் பக்கத்துத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் தாமான்களிலும், முதல் இடி கேட்டதுமே "பிளக்கைப் பிடுங்கு" என்று வீட்டில் ஒரு குரல் எழும். தொலைக்காட்சிக்கு அது நல்லது. பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப்புக்குத்தான் ஆபத்து. பாதி அடித்த கட்டுரை, சேமிக்காத கணக்கு எல்லாம் அந்த நொடியில் போய்விடும்.

அதனால்தான் பல வீடுகளில் மூடியைச் சாத்தினால் 'ஸ்லீப்' ஆகாமல் 'ஹைபர்னேட்' ஆகும்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். ஸ்லீப் என்பது அரைத் தூக்கம். ரேமில் உள்ளதைக் காப்பாற்ற மின்சாரம் சொட்டுச் சொட்டாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஹைபர்னேட் ஆழ்ந்த தூக்கம். ரேமில் இருந்ததை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு இயந்திரம் முழுதாக அணைந்துவிடும். இடி விழட்டும், பிளக் போகட்டும், மறுநாள் திறந்தால் விட்ட இடத்திலேயே நிற்கும்.

விட்ட இடத்தில் நிற்கிறது, சரி. நகர மாட்டேன் என்கிறதே, அதுதான் புகார்.

பெம்பானில் என் அண்ணி வீட்டில் ஒரே லேப்டாப். 4 ஜி.பி. ரேம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். பகலில் அண்ணியின் தையல் ஆர்டர் கணக்கு, மாலையில் எஸ்.பி.எம். எழுதப்போகும் மகனின் பாடம், இரவில் சின்னவளின் வீடியோ. ஒருவர் முடித்து அடுத்தவர் வரும்போது யாரும் எதையும் மூடுவதில்லை, 'சுவிட்ச் யூசர்' மட்டும்தான். காலையில் திறந்தால் திரை உடனே வந்துவிடும். ஆனால் பிரவுசரைத் தொட்டால் வட்டம் சுற்றும், கணக்கைத் தொட்டால் வெள்ளையாக உறையும், டிஸ்க் விளக்கு ஓயாமல் மினுக்கும். மனிதப் பொறுமைக்குள் அடங்க ஆறேழு நிமிடமாகும். கடையில் காட்டினார்கள். "வயசாயிருச்சுக்கா, புதுசா வாங்கிடுங்க" என்று சொல்லி 2,300 ரிங்கிட்டுக்கு ஒரு விலைச்சீட்டையும் கையில் கொடுத்துவிட்டார்கள். அது அண்ணியின் பல மாதத் தையல் கூலி.

வயசு இதற்குக் காரணமே இல்லை என்பதுதான் என் கட்சி.

எங்கள் வானொலி நிலையத்து மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். மேசைதான் ரேம். பின்னால் இருக்கும் சாமான் அறைதான் டிஸ்க். மேசை நிரம்பினால் இப்போதைக்குத் தேவையில்லாத தாள்களை அறையில் கொண்டுபோய் வைப்பேன். கணினி இதையே செய்யும்போது அதற்கு 'ஸ்வாப்' என்று பெயர். விண்டோஸில் 'பேஜ் ஃபைல்' என்பார்கள். ஷிப்ட் முடிந்ததும் மேசையில் இருப்பதை ஒரு பெட்டியில் அள்ளிப் போட்டுப் பூட்டினால் அது ஹைபர்னேட். மறுநாள் பெட்டியைக் கவிழ்த்தால் மேசை தயார். ஆனால் ஏற்கெனவே அறைக்குப் போன தாள்கள் பெட்டியில் இல்லை. அவை வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் நான் எழுந்து நடக்க வேண்டும்.

பெட்டியும் அவ்வளவு பெரிதில்லை. லினக்ஸில் இயல்பான அமைப்பு, இந்தப் பெட்டியை ரேமின் ஐந்தில் இரண்டு பங்குக்குள் அடக்கப் பார்க்கும். 4 ஜி.பி. என்றால் சுமார் 1.6 ஜி.பி. அதற்குள் அடங்க, டிஸ்க்கிலிருந்து படித்து வைத்திருந்த நகல்களைத் தூக்கி எறியும், நிரல்களின் பகுதிகளை ஸ்வாப்புக்குத் தள்ளும். அதாவது தூங்கப்போகும் நேரத்தில்தான் சாமான் அறைக்கு அதிகக் கூட்டம். விண்டோஸில் வழி வேறு, விவரங்கள் வேறு. ஆனால் தூங்கும் முன் பேஜ் ஃபைலுக்குப் போனது, விழித்த பிறகும் அங்கேதான் கிடக்கும். மூன்று பேர் மூடாமல் விட்டுப்போன வீட்டில் அது கொஞ்சநஞ்சமாக இருக்காது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கணினி நினைவகத்தை 4 கே.பி. அளவுள்ள 'பக்கங்களாக'ப் பிரித்துக் கையாள்கிறது. 200 எம்.பி. வெளியே போயிருந்தால் 51,200 பக்கங்கள். சுழலும் டிஸ்க்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடப்பதை எடுக்க, முள் நகர்ந்து, தட்டு சுற்றி வந்து சேர, ஒரு தடவைக்குச் சுமார் 10 மில்லி வினாடி. ஒவ்வொரு பக்கமாக எடுத்தால் எட்டரை நிமிடம்! அதே 200 எம்.பி.யை வரிசையாக ஒரே மூச்சில் படித்தால் இரண்டு மூன்று வினாடியில் வேலை முடிந்துவிடும். லினக்ஸ் இதைத் தெரிந்துதான் ஒரு பக்கம் கேட்டால் அக்கம்பக்கத்தையும் சேர்த்து எட்டாகக் கொண்டுவருகிறது. அப்படியும் பக்கத்தில் இருப்பது நமக்குத் தேவையானதாக இருந்தால்தான் பலன்.

இந்தத் தொல்லையை விடாமல் துரத்திய ஒருவரின் கதை எனக்குப் பிடிக்கும். கான் கொலிவாஸ், மெல்பர்னில் மயக்க மருந்து மருத்துவர். ஆட்களைத் தூங்க வைத்துப் பத்திரமாக எழுப்புவதுதான் அவர் தொழில். ஓய்வு நேரத்தில் லினக்ஸ் கருவுக்கு நிரல் எழுதினார். அதில் ஒன்று 'ஸ்வாப் ப்ரீஃபெட்ச்'. இயந்திரம் சும்மா இருக்கும் நேரம் பார்த்து, வெளியே போன பக்கங்களை யாரும் கேட்காமலே ரேமுக்குத் திரும்பக் கொண்டுவந்து வைப்பது. நீங்கள் தேநீர் கலக்கிக்கொண்டு வருவதற்குள் மேசை அடுக்கியாகிவிடும். சோதனைக் கிளையில் நெடுநாள் இருந்தும் அது முதன்மைக் கருவில் சேர்க்கப்படவில்லை. 2007-இல் அவர் மனம் வெறுத்து அந்தப் பணியிலிருந்தே விலகினார். பெரிய நிறுவனங்களின் சர்வர்களுக்குக் கிடைக்கும் கவனம் வீட்டுக் கணினிக்குக் கிடைப்பதில்லை என்பது அவர் ஆதங்கம். அண்ணியின் லேப்டாப்பைப் பார்க்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

லினக்ஸ்காரர்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. விழித்ததும் ஸ்வாப்பை ஒரு தடவை அணைத்துப் போடுவார்கள். அணைக்கும்போது உள்ளே இருப்பது எல்லாம் ரேமுக்குத் திரும்பியே ஆக வேண்டும். ரேமில் இடம் இருந்தால் மட்டுமே இது நடக்கும். இந்த அணைப்பும் முன்பு மகா மெதுவாக இருந்தது. கெல்லி நீல்சன் தொடங்கி வைத்த திருத்தத்தை வினீத் ரெமணன் பிள்ளை முடித்துக் கொடுக்க, 2019-இல் வந்த லினக்ஸ் 5.1-இல்தான் அது சீரானது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் நின்றுபோனதால், பழைய இயந்திரங்களில் லினக்ஸ் போடுவோர் உண்டு. அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: உபுண்டுவில் ஹைபர்னேட் இயல்பாகத் திறந்திருக்காது. ஸ்வாப்புக்குப் போதிய இடம் ஒதுக்கி நாமே இயக்க வேண்டும்.

விண்டோஸ் வீட்டுக்காரர்கள் அறிய வேண்டியது வேறொன்று. விண்டோஸ் 8 தொடங்கி 'ஷட் டவுன்' என்பது பெரும்பாலும் முழு அணைப்பு அல்ல. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற பெயரில் கணினியின் கருப்பகுதியை மட்டும் ஹைபர்னேட் செய்துவிடுகிறது. தினமும் அணைக்கிறோமே என்று நினைப்போம், உள்ளே பழைய மூட்டை அப்படியே இருக்கும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் சுத்தமாகும். வாரம் ஒரு முறையாவது கொடுங்கள். பேஜ் ஃபைலையே ஒழித்துவிட்டால் வேகம் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரேம் நிரம்பும் நாளில் நிரல்கள் பொத்தென்று மூடிக்கொள்ளும்.

உண்மையான மருந்து எஸ்.எஸ்.டி. அதில் முள்ளும் இல்லை, சுழலும் தட்டும் இல்லை. ஒரு பக்கத்தை எடுக்க 0.1 மில்லி வினாடி போதும். நம் எட்டரை நிமிடம் ஐந்து வினாடியாகச் சுருங்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல் 2018-இல் தன் பெட்டாலிங் ஜெயா ஹார்ட் டிஸ்க் ஆலையை மூடப்போவதாக அறிவித்தபோதே, பினாங்கில் எஸ்.எஸ்.டி. தயாரிப்பைப் பெருக்குவதாகவும் சொன்னது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது நம் நாட்டுத் தொழிற்சாலைகளிலேயே தெரிந்துவிட்டது.

தினமும் ஹைபர்னேட் செய்தால் எஸ்.எஸ்.டி. தேய்ந்துவிடாதா என்று அண்ணி கேட்டார். நியாயமான கேள்வி. நாளுக்கு 3 ஜி.பி. எழுதினாலும் ஆண்டுக்கு 1.1 டி.பி.தான். 250 ஜி.பி. வகைகளில் 150 டி.பி. எழுதும்வரை உத்தரவாதம் தருபவை இருக்கின்றன. லேப்டாப்பின் கீல் அதற்கு முன்னால் உடைந்துவிடும்.

கடைக்குப் போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இதற்குப் பொருந்துவது 2.5 அங்குல சாட்டா வகையா, எம்.2 வகையா? ரேம் பலகையோடு ஒட்டியதா, கழற்றிப் போடக்கூடியதா? கழற்றலாம் என்றால் 4-ஐ 8 ஆக்குவதையும் அதே நாளில் முடித்துக்கொள்ளலாம். மேசை பெரிதானால் அறைக்குப் போகும் தாளும் குறையும். அண்ணி வீட்டில் டிஸ்க்கை மட்டும்தான் மாற்றினோம். பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யு.எஸ்.பி. உறையில் போட்டுக் கொடுத்தார்கள். சின்னவளின் வீடியோக்கள் இப்போது அதில் இருக்கின்றன. 2,300 ரிங்கிட் விலைச்சீட்டு தையல் அளவு நோட்டில் அடையாளத் தாளாக இருக்கிறது.