மர்மப் போர்வையும் மனத்துக்கு இசைந்த வண்ணமும்

துணியில் கத்தரிக்கோலை வைப்பதற்கு முன், தைக்கப்போவது இன்னதென்று தையற்காரர் அறிந்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி. இவ்விதிக்கு விலக்கான கைத்தொழில் ஒன்று உண்டு. அதில் ஈடுபடுவோர் நூற்றுக்கணக்கான துண்டுகளை வெட்டுகிறார்கள், வாரக்கணக்கில் தைக்கிறார்கள், ஆயினும் தாம் தைப்பது என்ன உருவம் பெறும் என்பதைக் கடைசி நாள்வரை அறியமாட்டார்கள். மர்மப் போர்வை என்று அதற்குப் பெயர்.

குவில்ட் எனப்படும் ஒட்டுப் போர்வை மூன்று அடுக்குகள் கொண்டது. மேலே சிறு துண்டுகளை இணைத்துத் தைத்த ஓவியம் போன்ற பரப்பு, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி. இம்மூன்றையும் ஊடுருவித் தையல் ஓடும். அமெரிக்க இல்லங்களில் இக்கலை நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. கான்சஸ் சிட்டி ஸ்டார் என்னும் செய்தித்தாள் 1928 முதல் 1961 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட போர்வை வடிவங்களை வெளியிட்டது என்றால், வாசகர்கள் காட்டிய ஆர்வத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அந்த வடிவங்களோ கண்முன் முழுமையாகத் தெரிந்தவை. மர்மப் போர்வையில் அந்த வசதி இல்லை.

வடிவத்தை வகுப்பவர், எத்தனை நிறங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை கஜம் என்பதை மட்டும் முதலில் அறிவிப்பார். பின்னர் தொடர்கதையைப்போலக் கட்டளைகள் ஒவ்வொன்றாக வெளிவரும். 'கருமையான துணியில் ஐம்பது சதுரம், வெளிறிய துணியில் ஐம்பது சதுரம் வெட்டுக. இரண்டிரண்டாக அடுக்கி, மூலைக்கு மூலை கோடிட்டு, கோட்டின் இருபுறமும் தைத்து, கோட்டின்மேல் வெட்டுக' என்று ஒரு பகுதி கூறும். அவ்வாறு செய்தால் இருநிறச் சதுரங்கள் நூறு கிடைக்கும். அவை விண்மீனின் கதிர்களாகுமா, ஓரக்கரையாகுமா என்பது அப்போது தெரியாது. போனி ஹன்டர் என்னும் அமெரிக்கக் கலைஞர் பல ஆண்டுகளாக நவம்பர் இறுதியில் இத்தகைய தொடர்களைத் தொடங்கி நடத்தியவர். பிரான்சு நாட்டுப் ப்ரோவான்ஸ் பகுதியின் பெயரால் 2016ஆம் ஆண்டில் அவர் வகுத்த போர்வைக்கு ஊதாவின் பல சாயல்கள் முதன்மையாயின. ஆயினும் ஊதாவே வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. உருவம் தெரிந்திருந்தால் நிறத்தை மாற்றுவது எளிது. உருவமே தெரியாதபோது எந்த நம்பிக்கையில் மாற்றுவது? கண்ணுக்கு இனியதென்று ஒரு துணியைத் தேர்ந்து, இரண்டு மாதம் உழைத்து, இறுதியில் எல்லாம் ஒன்றோடொன்று கலங்கி உருவமே தெரியாமற்போனால், வெட்டிய துணியை மீண்டும் ஒட்டவைக்க முடியுமா?

விடை ஒரு வாக்கியத்தில் அடங்கும். போர்வையின் உருவத்தைத் தாங்குவது நிறத்தின் பெயரன்று. அதன் வெளிச்சமும் இருளுமே. இதற்கு நல்ல சான்று, மரக்குடில் என்று பெயர் பெற்ற பழைய அமெரிக்க வடிவம். நடுவில் ஒரு சிறு சதுரம்; அதைச் சுற்றி நீண்ட பட்டைகள். ஒரு பாதியில் வெளிறிய பட்டைகள், மறுபாதியில் கரிய பட்டைகள். ஒரே வகைக் கட்டங்களைத் திருப்பித் திருப்பி வைப்பதாலேயே சாய்ந்த உழவுச்சால் தோன்றும். வெயிலும் நிழலும் மாறிமாறி விழும். சதுரத்துக்குள் சதுரமாகவும் விரியும். பட்டைகள் நீலமா பழுப்பா என்பது பொருட்டன்று. இருபாதிகளுக்கும் உள்ள வேறுபாடு அழிந்தால் எல்லா வடிவமும் அழியும்.

ஆகவே, வகுத்தவர் நீலம் என்று சொன்னால், அந்த நீலம் அங்கே என்ன வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும். அது கருமைக்காக நிற்பதாயின், கருஞ்சிவப்போ கரும்பச்சையோ அவ்வேலையைச் செய்யும், வெளிர்மஞ்சள் செய்யாது. வெளிர்மஞ்சளே வேண்டுமென்றால், கருமைக்குரிய இடங்களையெல்லாம் வெளிறாக்கி, வெளிறிய இடங்களையெல்லாம் கருமையாக்க வேண்டும். முழுவதும் தலைகீழானாலும் ஒழுங்கு நிற்கும். பாதி மாறினால் நிற்காது.

துணியின் வெளிச்சத்தை அளக்க எளிய வழிகள் உண்டு. துண்டுகளை வரிசையாக வைத்து, கண்ணைப் பாதி மூடிப் பார்க்கலாம். கறுப்பு வெள்ளைப் புகைப்படம் எடுத்துப் பார்க்கலாம். சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகவும் பார்ப்பதுண்டு; ஆனால் சிவப்புத் துணி அதன் வழியே வெளிறித் தோன்றி ஏமாற்றும். இன்னும் ஒன்று நினைவிருக்க வேண்டும்: நிறம் தன் அண்டை அயலைப் பொறுத்தது. பாரிஸ் நகரத்துக் கோபலின் சித்திரத்திரை நெசவாலையில், கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறதென்று முறையீடு எழுந்தது. சாயத்துறைத் தலைவரான செவ்ரூல் என்னும் இரசாயன அறிஞர் ஆராய்ந்து, குற்றம் சாயத்தில் இல்லை, அருகிலிருந்த நீலத்திலும் ஊதாவிலும் இருக்கிறது என்று கண்டார். 1839இல் அதைப் பெருநூலாக வெளியிட்டார். எனவே துணிகளைத் தனித்தனியே பார்த்து வாங்குதல் தகாது. எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தே முடிவு செய்க.

தேர்ந்த பின், ஓர் அட்டையில் ஒவ்வொரு துணியின் சிறு துண்டையும் ஒட்டி, வகுத்தவர் சொன்ன நிறம் எது, அதற்கு நாம் வைத்தது எது என எழுதி வைப்பது இன்றியமையாதது. நாலாவது வாரத்தில் 'பச்சை' என்று கட்டளை வரும்போது, நம் பச்சை ஆரஞ்சு ஆகியிருப்பது மறந்துபோகலாம். சாயம் போகும் துணியை முன்னமே நனைத்துச் சோதிப்பதும் நன்று.

தையலில் கண்டிப்பு வேண்டும். ஓரத்தில் விடும் துணி கால் அங்குலம். கூடவும் ஆகாது, குறையவும் ஆகாது. நாற்பது துண்டுகள் கொண்ட வரிசையில் முப்பத்தொன்பது இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பிலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாக உள்ளே போனால், வரிசையில் ஏறக்குறைய இரண்டரை அங்குலம் குறையும். இருபது துண்டுகள் கொண்ட பக்கத்து வரிசையில் குறைவதோ அதிற் பாதிதான், இரண்டும் பொருந்தா. முன்னால் படமில்லாத வேலையில், கட்டளையில் கண்ட அளவு ஒன்றே வழிகாட்டி. ஆதலால் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அளந்து பார்த்தே அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

கடைசிக் கட்டளை வந்ததும் உடனே இணைத்துவிட வேண்டியதில்லை. கட்டங்களைத் தரையில் பரப்பி, சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். திருப்பி வைத்தால் இன்னும் அழகாகுமானால் திருப்பி வைக்கலாம். ஓரக்கரையின் நிறத்தை மாற்றலாம். அந்த உரிமை தைத்தவருடையது.

ஒரே கட்டளையைப் பின்பற்றிப் பலர் தைத்த போர்வைகளை ஒன்றாக விரித்தால், எலும்புக்கூடு ஒன்றாகவும் முகங்கள் பலவாகவும் காணலாம். ஒருவர் போர்வை இரவைப்போல் இருக்கும். மற்றொருவருடையது விடியலைப்போல் இருக்கும். வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உரிய இடத்தைக் காத்தவர்களுக்கு, மற்றை எல்லாவற்றிலும் தம் விருப்பம்போல் நடக்க உரிமை உண்டு. மர்மப் போர்வை கற்பிக்கும் பாடம் இதுவே.