புதிய தரை விரிப்பின் கீழ் தேங்கும் ஈரம்: சுவாச நோயாளிகள் உள்ள வீடுகள் அறிய வேண்டியவை

வீட்டில் முதியவரோ நீண்டநாள் நோயாளியோ இருக்கும்போது அவரது அறையின் பழைய சிமெண்ட் தரைமீது வினைல் விரிப்பு அல்லது மரத்தகடு பதிக்கும் வழக்கம் பெருகி வருகிறது. கால் சில்லிடாது, துடைப்பதும் எளிது. நோக்கம் நல்லதே. ஆயினும் சில வாரங்களில் அறையில் புழுங்கல் வாடை எழுவதும், விரிப்பின் ஓரங்கள் மேலெழும்புவதும், நோயாளிக்கு இரவு இருமல் கூடுவதும் உண்டு. இம்மூன்றும் சேர்ந்து தோன்றினால் தரையைச் சோதிக்க வேண்டும்.

மழைக்காலத்தில் மூச்சிரைப்புடன் வருவோரிடம், "அண்மையில் வீட்டில் ஏதேனும் வேலை நடந்ததா?" என்று வினவுவது எனது வழக்கம். அறுபது வயது கடந்த ஒரு தாய்க்கு இருமுறை இன்ஹேலர் அளவை உயர்த்தியும் குணம் தெரியவில்லை. மகள் வீட்டில் தங்கிய பத்து நாள்கள் நன்றாக இருந்தவர், சொந்த வீட்டுக்குத் திரும்பிய மூன்றாம் இரவே இளைப்புடன் வந்தார். அவரது கட்டிலுக்கு அடியில் இருந்த புதிய விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது அதன் அடிப்பக்கம் முழுதும் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது. அந்த வினாவை முதல் முறையே கேட்டிருக்க வேண்டும் என்பது எனக்குக் கிடைத்த பாடம்.

மண்ணிலுள்ள நீர், சிமெண்டின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. கொத்தனார்கள் இதனை ஓதம் என்பர். திறந்த சிமெண்ட் தரையில் இந்த ஈரம் காற்றில் ஆவியாகிவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. நீர்புகா விரிப்பு அவ்வழியை அடைத்துவிடுகிறது. புதிதாக இட்ட கான்கிரீட்டும் மெல்லவே உலரும். நல்ல காற்றோட்டத்தில் மாதத்துக்கு ஏறத்தாழ 25 மி.மீ. என்பது பொதுவான கணக்கு. ஆகவே 100 மி.மீ. தளத்துக்கு நான்கு மாதங்கள் தேவைப்படும், மழைக்காலத்தில் இன்னும் கூடும். குளியலறைக் குழாய்க் கசிவும் பிறிதொரு காரணம். மேலும், சிமெண்டின் காரத்தன்மையுள்ள ஈரம் சில வகை வினைல் விரிப்புகளையும் பசையையும் சிதைத்து, கண்ணையும் தொண்டையையும் உறுத்தும் வேதி ஆவிகளை வெளியிடச் செய்யும்.

ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமா மோசமடைவதையும் சுவாசத் தொல்லைகள் மிகுவதையும் உலக சுகாதார அமைப்பு தனது 2009ஆம் ஆண்டு வழிகாட்டியில் சுட்டிக்காட்டியுள்ளது. புற்றுநோய்க்கு மருந்தேற்றிக் கொள்வோர், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோர், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோர் ஆகியோருக்குப் பூஞ்சை நுரையீரலையே தொற்றக்கூடும் என்பதால் அவர்களுக்கு ஆபத்து மிக அதிகம்.

சோதிக்கும் முறை எளியது. ஓரிடத்தில் விரிப்பை நீக்கி, ஒன்றரை அடிச் சதுரமான பாலித்தீன் தாளைத் தரைமீது வைத்து நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துத் தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ சிமெண்ட் கறுத்திருந்தாலோ தரையிலிருந்து ஈரம் வருகிறது என்று பொருள். கோடையில் துளி தென்படாததை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம், மழைக்காலத்தில் மீண்டும் பாருங்கள்.

விரிப்பை அகற்றும் நாளில் நோயாளி அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது. பூஞ்சையைக் கலைக்கும் வேளையில்தான் அதன் நுண்விதைகள் மிகுதியாகக் காற்றில் பரவும். வேலை செய்பவர் என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சன்னல்களைத் திறந்து, பூஞ்சை படிந்த இடத்தை நனைத்த பின்னரே சுரண்ட வேண்டும். நீக்கிய துண்டுகளை அறைக்குள்ளேயே பையிலிட்டுக் கட்டுங்கள். பின்னர் சோப்பு நீரால் கழுவி முழுமையாக உலர்த்துங்கள். பிளீச்சிங் பவுடரைக் கழிவறை அமிலத்துடன் ஒருபோதும் கலக்காதீர்கள். அதில் எழும் குளோரின் வாயு ஆஸ்துமா உள்ளவரின் உயிருக்கே உலை வைக்கும். பூஞ்சை பத்துச் சதுர அடிக்கு மேல் பரவியிருந்தால் அனுபவமுள்ள பணியாளரை அழையுங்கள்.

கசிவின் மூலத்தை அடைக்காமல் புது விரிப்பு போடுவது வீண் செலவு. ஓதத் தடுப்புக்கு இப்போது வசதி இல்லையெனில் பழைய தரையை அப்படியே விட்டுவிடலாம். என் கருத்தில் தரைத்தள வீடுகளுக்கு அதுவே மேலானது. வழுக்கும் என்ற அச்சம் இருந்தால், எடுத்து வெயிலில் உலர்த்தக்கூடிய ரப்பர் விரிப்பு போதும்.

தரை சீரானதென்று இன்ஹேலரைத் தாமாக நிறுத்த வேண்டாம். மருந்தைக் குறைப்பதை மருத்துவரே முடிவு செய்வார். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலை ஈரத்தின் மேல் பழி போட்டு விட்டுவிடாமல், அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்குக் காய்ச்சலோ சளியில் இரத்தமோ கண்டால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச இயலாத மூச்சுத்திணறல், உதடு நீலமாதல், இன்ஹேலர் எடுத்தும் தணியாத இளைப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் உடனே 108க்கு அழையுங்கள்.