திரும்பத் திரும்ப வரும் இடுப்புப் பிடிப்பு

மளிகைக் கடை நடத்தும் நம்மில் இடுப்புப் பிடிப்பை அறியாதவர்கள் குறைவு. காலையில் லாரி வந்து நிற்கும். ஆள் வரத் தாமதமானால் மூட்டைக்கு நாமே முதுகு கொடுப்போம். இரவு கடையடைத்து வீடு திரும்பினால் வாசலிலேயே பிள்ளை, "தூக்குங்கப்பா" என்று கை நீட்டும். பிடிப்பு மூன்று நாளில் தணியும். நான்காம் நாளே மறுபடி மூட்டை, மறுபடி பிள்ளை. சில வாரங்களில் அதே இடத்தில் அதே வலி. வலி தணிந்ததையே குணமானதாக வரவு வைப்பதுதான் நாம் செய்யும் தவறு.

அதற்காகப் பாயிலேயே கிடப்பதும் கூடாது. ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களிடம் நடத்தி 1995-இல் வெளியான ஆய்வில், இரண்டு நாள் படுத்திருந்தவர்களைவிட, வலி இடம்கொடுத்த அளவுக்கு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினர். எனவே கல்லாவில் உட்காரலாம். இடையிடையே எழுந்து நடக்க வேண்டும். பாரம் தூக்குவதை மட்டும் நிறுத்த வேண்டும்.

வலி தீர்ந்த பின்னரே முக்கியமான வேலை தொடங்குகிறது. 2024-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், குணமானவர்களுக்குப் படிப்படியாக நடைப்பயிற்சி அளித்தனர். தினம் 30 நிமிடம், வாரம் 5 நாள் என்பது இலக்கு. பயிற்சி பெறாதவர்களில் பாதிப்பேருக்கு 112 நாளில் வலி திரும்பியது. நடந்தவர்களுக்கோ அது 208 நாள் ஆயிற்று.

பாரம் தூக்குவதையும் படிப்படியாகவே தொடங்க வேண்டும். முதலில் சிறு பொட்டலங்கள், பிறகு அட்டைப்பெட்டிகள். மூட்டைக்குத் தள்ளுவண்டி இருக்கட்டும். எதைத் தூக்கினாலும் முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும்; இடுப்பை முறுக்காமல் காலை நகர்த்தித் திரும்ப வேண்டும்.

பிள்ளைக்கும் இதுவே முறை. குனிந்து தூக்காமல் நாம் முதலில் உட்கார்ந்துகொண்டால், அது தானே மடியில் ஏறிக்கொள்ளும். "அப்பாவுக்கு இடுப்பு வலி" என்று சொன்னால் மூன்று வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

கால் மரத்துப்போதல், காலில் பலம் குறைதல், வலியோடு காய்ச்சல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை ஆகியவற்றில் எது கண்டாலும் தைலம் தேய்த்துக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இரண்டு வாரம் சுமைக்கூலி கொடுப்பது வீண் செலவாகத் தோன்றலாம். ஆனால் ஆண்டுக்கு நான்கு முறை படுத்தால் கடைக்கு ஆகும் நட்டத்தையும், பிள்ளையைத் தூக்க முடியாத நாட்களையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கூலி மலிவே.