மாறாத எழுத்துகள்

சென்னை, பெசன்ட் நகரில் உள்ள டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம் ஓலைச்சுவடிகளைப் பேணி வருகிறது. ஒரு நூலின் பல சுவடிகளை ஒப்பிட்டு உரிய பாடத்தைக் காண்பது பதிப்பாசிரியர் பணி. உயிரினங்களின் மரபுச் செய்தியைப் படிப்பதற்கும் இதனையொத்த முறை உண்டு.

ஓர் உயிரினத்தின் டி.என்.ஏ. முழுமையும் மரபணுத்தொகுதி எனப்படும். அது நான்கு வகைக் காரங்களின் வரிசை. அவற்றை எழுத்துகள் எனக் கொள்ளலாம். மனித மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. புரதங்களுக்கான குறிப்பைத் தாங்குபவை அவற்றுள் 2 விழுக்காட்டிற்கும் குறைவே. கண்ணின் செல்லிலும் கல்லீரலின் செல்லிலும் மரபணுக்கள் ஒன்றே. அவற்றுள் செயற்படுபவையே வேறு. எந்த மரபணு எங்கு, எப்போது செயற்பட வேண்டும் என ஆணையிடும் பகுதிகள் ஒழுங்குமுறைக் கூறுகள் ஆகும். தெளிவான தொடக்கமும் முடிவும் அற்ற இவற்றை எவ்வாறு கண்டறிவது?

தலைமுறைதோறும் எழுத்துமாற்றங்கள் நிகழ்கின்றன. பணியற்ற இடத்தில் நேரும் மாற்றம் தங்கிவிடும். இன்றியமையாத இடத்தில் நேரும் மாற்றம் தீங்கு விளைவிப்பதால் பெரும்பாலும் நிலைப்பதில்லை. எனவே, பல இனங்களில் நெடுங்காலம் மாறாதிருக்கும் பகுதிக்கு ஏதேனும் பணி இருக்கும் எனக் கருதலாம்.

ஆயினும், ஒற்றுமை யாவும் சான்றாகா. ஒரே சுவடியைப் பார்த்து எழுதிய இரு படிகள் ஒத்திருப்பின் அவை இரு தனிச் சான்றுகள் அல்ல. அதுபோல, அண்மையில் பிரிந்த இனங்கள் மாறுவதற்குக் காலம் போதாமையாலேயே ஒத்திருக்கும். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் அறிவியலாளர் இராகுல் சித்தார்த்தன், அயல்நாட்டு அறிஞர் இருவருடன் இணைந்து இச்சிக்கலை ஆராய்ந்தார். அவர்கள் உருவாக்கிய ‘பைலோகிப்ஸ்’ என்னும் கணினி நிரல் 2005இல் வெளியானது. இனங்களின் உறவு நெருக்கத்தைக் கணக்கிற்கொண்டு, ஒழுங்குபடுத்தும் புரதங்கள் பற்றும் இடங்களை அது தேடுகிறது. ஈஸ்ட் சிற்றினங்களின் டி.என்.ஏ. வரிசைகளில் அது சோதிக்கப்பட்டது.

இவ்வகைக் கூறுகளின் ஆற்றலுக்கு ஓர் எடுத்துக்காட்டு காண்போம். கை, கால் வளர்ச்சிக்குரிய மரபணு ஒன்றின் ஒழுங்குமுறைக் கூறு, அம்மரபணுவிலிருந்து ஏறத்தாழ 10 இலட்சம் எழுத்துகளுக்கு அப்பால் உள்ளது. மனிதரிலும் எலியிலும் மீனிலும் பெரிதும் ஒத்திருக்கும் அது, பாம்புகளில் சிதைந்துள்ளது. அதில் ஓரெழுத்து மாறினும் குழந்தை மிகைவிரலுடன் பிறக்கக்கூடும். 2016இல் வெளியான ஆய்வில், எலியின் கூற்றுக்கு மாற்றாகப் பாம்பின் கூறு பொருத்தப்பட்டது. கால்கள் பெரிதும் குறுகின. பாம்புகள் இழந்திருந்த 17 எழுத்துகளை மலைப்பாம்பின் கூற்றில் மீண்டும் சேர்த்துப் பொருத்தியபோது கால்கள் இயல்பாக வளர்ந்தன.

மரபணு பழுதின்றி இருந்தும் குறைபாடு தோன்றலாம் என்பதை இது உணர்த்துகிறது. அதன் காரணத்தைத் தேட வேண்டிய இடத்தை ஒப்பீடு சுட்டும். சோதனையே அதனை உறுதிசெய்யும்.