கடைமடைக்கும் ஒரே நேரத்தில் அலை

துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் உச்சியில் நீண்ட பட்டை ஒன்று ஓயாமல் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். ரேடார் ஆன்டெனா அது. உள்ளே இருப்பது பெரும்பாலும் 'வேவ்கைடு' எனப்படும் செவ்வக உலோகக் குழாய். அதன் சுவரில் வரிசையாக நீள்துளைகள். குழாய்க்குள் ஓடும் நுண்ணலை துளைக்குத் துளை கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, கூரிய கற்றையாகத் திரள்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவான உத்தி இது.

சிக்கல் அதிர்வெண் மாறும்போதுதான் வரும். 9.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் சுமார் 32 மி.மீ. உள்ளகலம் 22.86 மி.மீ. உள்ள குழாய்க்குள் அதுவே 44.5 மி.மீ. ஆக நீள்கிறது. அகலச் சுவரில் துளையிடுவதானால், இதில் பாதித் தொலைவுக்கு ஒன்றாக, நடுக்கோட்டின் இருபுறமும் மாறி மாறித் துளையிடுவார்கள். அப்போதுதான் எல்லாத் துளைகளும் ஒரே கட்டத்தில் வீசும். அதிர்வெண்ணைச் சற்று மாற்றினால் குழாய்க்குள் அலைநீளம் மாறிவிடும். துளைகள் வெட்டிய இடத்திலேயே இருக்கும். வாய்க்கால் போன்ற இந்தக் குழாயின் தலைமடையில் தெரியாத பிசகு துளைதோறும் சேர்ந்து கடைமடையில் பெரிதாகிறது. கற்றை சாய்கிறது, அல்லது அலை வந்த வழியே திரும்புகிறது. வரிசை நீள நீள, தாங்கக்கூடிய அலைவரிசை குறுகுகிறது. ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் ரேடாருக்கு இது பெரிய குறையல்ல. அதிவேகத் தரவுத் தொடர்புக்கு இது ஒத்துவராது.

அதனால் ஒற்றை வாய்க்காலை விட்டுவிட்டு மரம்போல் கிளைக்க வைக்கிறார்கள்: ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஒவ்வொரு துளைக்கும் ஒரே நீளப் பாதை. அதிர்வெண் எப்படி மாறினாலும் தாமதம் எல்லாத் துளைகளுக்கும் சமம். ஆனால் துளைகளை ஓர் அலைநீளத்துக்கு மேல் விலக்க முடியாது. விலக்கினால் வேண்டாத திசைகளிலும் கற்றை கிளம்பும். அந்த நெருக்கத்தில் கிளைக் குழாய்களுக்கு இடமேது? எனவே கிளைகளைக் கீழ்த்தளத்துக்கு இறக்குகிறார்கள். குழாயின் நடுவே உலோக மேடு வைத்தால் அகலமும் குறையும், அலைவரிசையும் விரியும்.

அடுக்கு என்றதும் மூட்டு வந்துவிடுகிறது. 60 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5 மி.மீ. மட்டுமே. தட்டுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஆற்றல் கசியும். டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிரோகாவா, ஆண்டோ குழுவினர் மெல்லிய செப்புத் தகடுகளை அடுக்கி, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து ஒரே கட்டியாக இணைத்தார்கள். 256 துளைகள் கொண்ட அந்த ஆன்டெனாவின் திறன் 80 விழுக்காட்டைத் தாண்டியது. அருமையான வேலைப்பாடு, ஆனால் சிரமமான தயாரிப்பு.

ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்-சைமன் கில்டால் 2009இல் காட்டிய வழி, மூட்டே வேண்டாம் என்றது. பாதையின் இருபுறமும் கால் அலைநீள உயர முளைகளை நட்டுவிட்டால், மேல்தட்டு அவற்றைத் தொடாமல் சற்றே விலகி நின்றாலும் அலை பக்கவாட்டில் தப்பாது. பெருமளவு உற்பத்திக்கு இதுவே ஏற்றது என்பது என் கணிப்பு. 60 கிகாஹெர்ட்ஸில் அந்த முளையின் உயரம் சுமார் 1.25 மி.மீ.