மெக்சிக்கோக்காரனுக்குப் பாமன்கடை வெக்கை

மத்தியானத்தில் என் கப்பித் தொட்டியின் வெப்பமானி 29 பாகை காட்டும். கப்பிகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அக்சலோட்டலுக்கோ 16 முதல் 18 வரைதான் சுகம். 20ஐத் தாண்டினால் சோரும். 24ஐத் தாண்டினால் நோயில் விழும். நுவரெலியாக்காரர் என்றால் பாதிக் கவலை இல்லை.

அக்சலோட்டல் மீன் அல்ல. தவளைக்கு உறவான, வாலுள்ள பிராணி. வளர்ந்த பிறகும் குஞ்சுப் பருவத்துச் செவுள்களை இறகுபோல வெளியே விரித்துக்கொண்டு தண்ணீரிலேயே கிடக்கும். அறுந்த கால் மறுபடி முளைக்கும். சொந்த இடம் மெக்சிக்கோ நகரின் சொச்சிமில்கோ வாய்க்கால்கள், கடல் மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேலே. அங்கே அழிவின் விளிம்பில் நிற்கிறது. 1864இல் பாரிஸுக்குப் போன 34 பிராணிகளின் வம்சமோ உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் பெருகிவிட்டது.

2021இல் மைன்கிராஃப்ட் விளையாட்டில் வந்ததிலிருந்து பிள்ளைகளுக்கு இதன்மேல் ஒரே ஆசை. எங்கள் பிளற்றின் மேல்மாடித் தம்பி, "அங்கிள், சின்ன ஃபான் ஒன்று பூட்டினால் காணாதா?" என்று கேட்டான். காணாது. ஃபான் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கும். கடற்காற்றின் ஈரம் நிறைந்த எங்கள் பாமன்கடை, வெள்ளவத்தைப் பக்கத்தில் அது இரண்டு மூன்று பாகை இறக்கினாலே பெரிய காரியம். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம்தான் வேண்டும். அதுவும் தண்ணீரிலிருந்து இழுத்த சூட்டை அறைக்குள்ளேயே கக்கும். சுவரிலிருந்து விலத்தி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

பிறகு கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்றார்கள், நாடே இருண்டது. ஆகவே, தண்ணீர் நிரப்பி உறைய வைத்த போத்தல்கள் பிரிட்ஜில் எப்போதும் இருக்கட்டும். மூடியோடு ஒவ்வொன்றாய் மிதக்க விடுங்கள். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றும் தேவை.

மற்றவை சுலபம். ஒன்றுக்கு 100 லீற்றர் தொட்டி. பிராணி வருமுன்பே ஃபில்ட்டரை ஓட்டி, அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாகும்வரை பொறுங்கள். ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். மாற்றும் குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கி கட்டாயம். அடியில் சிறுகல் போடவே வேண்டாம், விழுங்கிவிடும். கூட மீனும் விடாதீர்கள்; செவுளைக் கடிக்கும். சாப்பாட்டுக்கு மண்புழுவை மிஞ்ச ஒன்றுமில்லை. இடுக்கியில் பிடித்து முகத்தருகே ஆட்டினால் வாய் சட்டென்று திறக்கும், தண்ணீரோடு புழுவும் உள்ளே போய்விடும். உறிஞ்சியதைக் கண்ணால் பிடிக்க முடியாது.

செவுள் முன்பக்கம் வளைந்தாலோ, வால் நுனி சுருண்டாலோ, பஞ்சுபோல வெள்ளை படர்ந்தாலோ முதலில் வெப்பமானியைப் பாருங்கள், அடுத்து அமோனியாவை. செம்பு கலந்த மீன் மருந்தை ஊற்றிவிடாதீர்கள், அது நஞ்சு.

நன்றாகப் பார்த்தால் பத்துப் பதினைந்து வருடம் இருக்கும். அத்தனை வருட கரண்ட் பில்லையும் கட்ட முடியுமென்றால் முதலில் சில்லரை வாங்குங்கள். முடியாதென்றால் கப்பியே போதும்.